எட்டாவது பாட்டில் விக்கல்

எட்டாவது பாட்டின் நடுவில் அது மறுபடியும் விக்கியது. சிடியில் பாடிக்கொண்டிருந்த பெண் ஒரு சொல்லின் முதல் அசையையே திரும்பத் திரும்பச் சொன்னாள். பிறகு இரண்டு வரிகளைத் தாண்டிக் குதித்து, ஒன்றுமே நடக்காததுபோல் மேலே பாடிக்கொண்டு போனாள். கூடத்துத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தவள் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டுக் கண்களை மூடிக்கொண்டாள். சோபாவில் துணி மடித்துக்கொண்டிருந்த அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“விக்குது பாரு. யாரோ நினைக்கிறாங்க போல.”

“நினைக்கிறவங்க கொஞ்ச நேரம் சும்மா இருந்தா நல்லா இருக்கும் அண்ணி.”

“அப்படிச் சொல்லாத. ஞாயித்துக்கிழமை அதுவுமா போன் வரலேன்னா உன் மூஞ்சியப் பாக்க சகிக்காது” என்று அண்ணி ஒரு தலையணை உறையை உதறினாள்.

பழைய படுக்கை விரிப்பின் மேல் அந்தப் பெட்டி பாதி திறந்து கிடந்தது. சுற்றிலும் அலுமினியத் தகடு. மேலே தடித்த பலகையில் வட்டமாக வெட்டிய பள்ளம். பள்ளத்தின் நடுவில் சிடி உட்காரச் சின்ன மேடை, அதை ஒட்டி, எந்நேரமும் ஈரமாக இருப்பதுபோல் மின்னும் லேசர் லென்ஸ். சிடியை வைத்து மேலே ஒரு காந்த வில்லையைப் போட்டால் சுழலும். லேசர் வட்டின் உள்பக்கத்தில் தொடங்கி வெளிவிளிம்பை நோக்கி நகர்ந்தபடியே அதிலுள்ள எண்களைப் படிக்கும், படித்ததை அப்படியே ஒரு கம்பி வழியே வெளியே அனுப்பும். அதோடு இதன் வேலை முடிந்தது. எண்களைப் பாட்டாக மாற்ற இன்னொரு பெட்டி வேண்டும். ஒரே பெட்டியில் முடிகிற காரியத்தை இரண்டாகப் பிரித்தால்தான் சத்தம் சுத்தமாக இருக்கும் என்று நம்புகிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். அவர்கள் முதல் பெட்டிக்கு டிரான்ஸ்போர்ட் என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தச் சொல்லை முதன்முதலாகக் கேட்ட அன்று அண்ணி, “பகல் பூரா பஸ் டிக்கெட் மெஷின ரிப்பேர் பண்ற. வீட்டுக்கு வந்தும் டிரான்ஸ்போர்ட்டா?” என்றாள்.

இரண்டாவது பெட்டி இந்த வீட்டில் இல்லை. டிவிக்குக் கீழே இருந்த நீளமான ஸ்பீக்கருக்குள் அந்த வேலையை ஒப்புக்குச் செய்யும் சில்லு ஒன்று இருந்ததால், அண்ணன் சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விடும் ஞாயிறு மதியங்களில் அதை இரவல் வாங்கிக்கொள்வாள். உண்மையான இரண்டாவது பெட்டி, நாளெல்லாம் ரயிலில் உட்கார்ந்து போகவேண்டிய ஓர் ஊரில், நிதானம் என்று பெயரெடுத்த ஒருவரின் மேசைமேல் இருந்தது. பழுது தீர்ந்ததும் இந்த டிரான்ஸ்போர்ட்டும் அங்கேதான் போயாக வேண்டும்.

அவர்கள் இருவரும் ஒரு காலத்தில் சிடி பிளேயர்களைப் பழுது பார்க்கும் சர்வீஸ் சென்டரில் எதிரெதிர் மேசையில் வேலை பார்த்தவர்கள். ஒரு ஸ்க்ரூவைக் கழற்றும் முன் அதைப் பார்த்தபடியே அவர் ஒரு டீயைக் குடித்து முடிப்பார். அதனால் அவர் நிதானம். அவளுக்கு எதற்கெடுத்தாலும் சுர்ரென்று ஏறும். சரிசெய்த பிளேயர் மறுநாளே திரும்பி வந்தால் அதை மேசையில் வைக்கும் சத்தம் வாசல்வரை கேட்கும். அவளுக்கு ஃப்யூஸ் என்று பெயர் வைத்தவர் அவர்தான். மற்றவர்கள் அப்படிக் கூப்பிட்டால் முறைப்பாள். அவர் கூப்பிட்டால் மட்டும், “என்ன இப்போ?” என்று கேட்டுவிட்டுத் திரும்பிக்கொள்வாள். திரும்பிய பிறகு முகத்தில் என்ன இருந்தது என்பது அவர் பார்க்காதது.

ஒரு நாள் மாலை எல்லோரும் போன பிறகு, லென்ஸ் துடைக்கும் பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு அவர் வெகுநேரம் நின்றார். பிறகு, “உங்க வீட்ல... உங்களப் பத்தி என்ன யோசனை வச்சிருக்காங்க?” என்று கேட்டார். அன்று காலைதான் மேலதிகாரி அவளைப் பெண்பிள்ளை என்று சொல்லிப் பெரிய ஆம்ப்ளிஃபயர் வேலையை வேறொருவனுக்குக் கொடுத்திருந்தார். அவள் அந்தக் கொதிப்பிலேயே இருந்தாள். “என்னப் பத்தி யோசிக்க நானே இருக்கேன்” என்றாள். அவர் தலையாட்டிவிட்டுப் பஞ்சை டப்பாவில் போட்டார். கேட்டது வேறு என்று பேருந்தில் பாதி வழி போன பிறகுதான் உறைத்தது. மறுபடியும் கேட்பார் என்று காத்திருந்தாள். நிதானம் அல்லவா, கேட்க நாளாகும் என்று நினைத்தாள். அவருக்கு வேறு கிளைக்கு மாற்றல் வந்தது. அங்கிருந்து கல்யாணப் பத்திரிகை வந்தது. பிறகு சர்வீஸ் சென்டரையே மூடிவிட்டார்கள். அவள் அம்மாவைப் பார்த்துக்கொண்டாள், டிக்கெட் மெஷின் பட்டறையில் சேர்ந்தாள், அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். இத்தனைக்கும் நடுவில் அவளுக்கு வந்து தட்டிப்போன வரன்களை அண்ணி இன்னும் விரல்விட்டுச் சொல்வாள்.

போன மழைக்காலத்தில் உதிரிபாகக் கடைக்காரர்தான் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். “உங்க பழைய சென்டர் ஆளு ஒருத்தர் போன் பண்ணாரு மேடம். டிரான்ஸ்போர்ட் செய்யணும்னு வெளிக்கூடு சேசிஸ் கேட்டாரு. ரொம்ப மெதுவா பேசினாரு.” பெயரைக் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. எண்ணை வாங்கி, இரண்டு நாள் கைப்பையில் வைத்திருந்து, பிறகு கூப்பிட்டாள். மனைவி தவறிப் போய்விட்டதாகச் சொன்னார். இப்போது மகளின் வீட்டில் தங்கியிருக்கிறார். இரண்டாவது பெட்டியைச் சிறுகச் சிறுகக் கட்டி முடித்துவிட்டார், அதற்குள் கை நடுங்கத் தொடங்கிவிட்டது. “இப்பல்லாம் கை என்னக் கேக்காமலே வேலை செய்யுது” என்று சிரித்தார். அவள், “லேசர் மெக்கானிசம் வச்சிருக்கீங்களா? அனுப்புங்க, நான் செஞ்சு தரேன்” என்றாள்.

பார்சலில் மெக்கானிசத்தோடு ஒரு சிடியும் வந்தது. சர்வீஸ் சென்டரில் எல்லோரும் சோதனைக்குப் பயன்படுத்தியது. பழுது பார்த்த பிளேயரில் அதன் முதல் பாட்டின் தொடக்கத்தையும் கடைசிப் பாட்டின் முடிவையும் கேட்டால் போதும், அடுத்த பிளேயருக்குப் போய்விடலாம். எத்தனையோ ஆயிரம் முறை போட்ட வட்டில் நடுவே என்ன இருக்கிறது என்று அவள் கேட்டதே இல்லை. இப்போதுதான் ஒவ்வொன்றாகக் கேட்கிறாள். நான்காவது பாட்டு அவ்வளவு நன்றாக இருக்கும் என்று யாரும் சொல்லவில்லையே என்று அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது.

முதலில் அது வட்டைப் படிக்கவே மறுத்தது. மோட்டாரை மாற்றினாள், பவர் சப்ளையை மாற்றினாள், ஒரு வாரம் எல்லோரிடமும் எரிந்து விழுந்தாள். ஞாயிற்றுக்கிழமை அவர் போனில் முழுக்கக் கேட்டுவிட்டு, “லேசருக்கு அடியில ஒரு சொட்டு ஈயம் இருக்குமே, அத எடுத்துட்டீங்களா?” என்றார். வரும் வழியில் நிலைமின்சாரம் பாய்ந்து லேசர் கெட்டுவிடாமல் இருக்கத் தொழிற்சாலையிலேயே இரண்டு புள்ளிகளைச் சேர்த்து வைக்கும் ஈயப்பொட்டு. அதை எடுக்காமல் எந்த லேசரும் கண் திறக்காது. நூற்றுக்கணக்கில் எடுத்தவள் இதை மறந்திருந்தாள். “மொதல்லயே சொல்றதுக்கென்ன?” என்று கத்தினாள். “நீங்க கத்தி நாளாச்சு” என்றார் அவர்.

அதற்கப்புறம்தான் இந்த எட்டாவது பாட்டு. அதற்கு முந்தியவை பிசிறில்லாமல் ஓடின. எட்டாவதின் நடுவில் விக்கும், ஒன்பதில் தள்ளாடும், பத்தில் நின்றே போகும். அவர் வாரத்துக்கு ஒரு யோசனை சொன்னார். லேசர் நகரும் தண்டவாளத்தைத் துடைக்கச் சொன்னார், மேடையின் உயரத்தைப் பார்க்கச் சொன்னார், பல்சக்கரத்துக்கு மசகு போடச் சொன்னார். அவள் செய்தாள், அது விக்கியது, மறுவாரம் அவர் கூப்பிட்டார். பழுதைப் பற்றிய பேச்சு சீக்கிரமே தீர்ந்துவிடும். பிறகு போன் காதில் சுடும்வரை வேறு பேச்சு ஓடும். டீயை மேலே கொட்டிக்கொள்ளாமல் குடிக்க அவர் கண்டுபிடித்த வழி, அவள் அம்மா கடைசி நாட்களில் அவளையே யார் என்று கேட்டது, மகள் வேலைக்குப் போன பிறகு பேச ஆளில்லாத வீட்டில் ஃப்ரிட்ஜ் சத்தம்கூடத் துணையாக இருப்பது. ஞாயிறு விடிந்தாலே அவள் தலைக்குக் குளித்துவிடுகிறாள் என்பதை அண்ணி கவனித்தாள். கவனித்ததைச் சொல்லாமலும் இருந்தாள்.

இப்போது அவள் பெட்டியை ஒருக்களித்துப் பிடித்து, லேசரை விரலால் மெல்ல வெளிவிளிம்பை நோக்கித் தள்ளினாள். எத்தனையோ முறை செய்ததுதான். இன்று ஜன்னல் வெயில் சாய்வாக உள்ளே விழுந்திருந்தது. எட்டாவது பாட்டு இருக்கும் தூரத்துக்கு வந்ததும், லேசரோடு ஒட்டியிருந்த தாள்போன்ற மெல்லிய கேபிள் விறைத்து நிற்பது பளிச்சென்று தெரிந்தது. பார்க்க ஒழுங்காக இருக்கட்டும் என்று அதை நகத்தால் அழுத்தி மடித்து, டேப் போட்டு ஒட்டியவள் அவளேதான். உள்பக்கம் இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. வெளியே போகப் போக அது லேசரைப் பின்னாலிருந்து இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

டேப்பை உரித்தாள். மடிப்பை நீவிவிட்டு, கேபிள் கொஞ்சம் தொய்ந்து கிடக்கும்படி விட்டாள். வட்டை வைத்து எட்டாவது பாட்டைப் போட்டாள். பெண் அந்தச் சொல்லை முழுதாகச் சொன்னாள். தாவிப் போன இரண்டு வரிகளும் இதோ என்று வந்தன. ஒன்பது வந்தது, பத்து வந்தது.

“அட, சரியாயிடுச்சு போலயே!” என்றாள் அண்ணி.

“ஆமா” என்றாள். சந்தோஷம் வரவில்லை. பெட்டியைத் துடைக்கவேண்டும். பஞ்சு வைத்துக் கட்டவேண்டும். போய்ச் சேர்ந்ததும் அவர் கூப்பிட்டு, அற்புதமாக இருக்கிறது என்று மெதுவாகச் சொல்வார். அடுத்த ஞாயிறும் மரியாதைக்காக ஒருமுறை கூப்பிடுவார். அதன் பிறகு என்ன சொல்லிக் கூப்பிடுவார்? நலம் விசாரிக்க மனிதர்கள் எத்தனை நாள் கூப்பிடுவார்கள்? கேபிளை மறுபடியும் இறுக்கி மடித்து ஒட்டிவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த வேகத்தில் வெட்கமும் வந்தது. டேப் இன்னும் அவள் விரல் நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

கடைசிப் பாட்டு தொடங்கியபோது போன் அடித்தது.

“என்ன ஃப்யூஸ், இன்னைக்கு என்ன சொல்லுது உங்க நோயாளி?”

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு, “அதே எடம்தான். எட்டாவதுல தாவுது” என்றாள்.

துணி மடித்துக்கொண்டிருந்த அண்ணியின் கை நின்றது.

சொல்லி முடித்த பிறகுதான் ஸ்பீக்கரில் பாட்டு ஓடிக்கொண்டிருப்பது அவளுக்கு உறைத்தது. ரிமோட்டைத் தேடினாள். அது மடித்த துணிகளுக்கு அடியில் எங்கோ இருந்தது. வயலின் ஏறி, உச்சியில் ஒரு கணம் நின்று, குரலின்மேல் வந்து இறங்கியது. சர்வீஸ் சென்டரில் வேலை பார்த்த யாரும் தூக்கத்திலும் கண்டுபிடிக்கக்கூடிய இடம், பத்தில் நின்றுபோகிற பெட்டி எட்டவே முடியாத இடம். அடுத்த அறையில் ஓடும் மோட்டாரின் சத்தத்தை வைத்தே எந்தப் பல் தேய்ந்திருக்கிறது என்று சொன்ன மனிதர் அவர். சிரிப்பார் என்று நினைத்தாள். திட்டினாலும் பரவாயில்லை என்று நினைத்தாள். காது மடல் சூடாகிவிட்டது.

“கேக்குது” என்றார் அவர்.

“என்ன கேக்குது?”

“தாவறதுதான். இங்க வரைக்கும் நல்லாவே கேக்குது.”

ஒரு சிக்கும் இல்லாமல் அந்தப் பெண் பாடிக்கொண்டிருந்தாள்.

“இது சட்டுனு சரியாகற பழுது இல்ல” என்று அவர் தொடர்ந்தார். “நாளாகும்.”

“ஆகட்டும்.”

“பார்சல்ல போட்டும் அனுப்பிடாதீங்க. லேசர் ஆடிப் போயிடும்.”

“அப்போ?”

அவர் பதில் சொல்ல நேரம் எடுத்துக்கொண்டார். வாயில் வந்த நாலு வார்த்தைகளை அவள் பல்லைக் கடித்து உள்ளேயே நிறுத்தினாள்.

“உங்க வீடு ஸ்டேஷன்லேருந்து ரொம்ப தூரமா?” என்று கேட்டார்.

“இல்ல இல்ல. பக்கம்தான். நடந்தே வந்துடலாம்.”

ஸ்டேஷனிலிருந்து இந்த வீட்டுக்கு இரண்டு பஸ் மாறவேண்டும். அண்ணி இடுப்பில் கைவைத்து அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு மடித்த துணிகளை அள்ளிக்கொண்டு, சத்தமில்லாமல் உள்ளே போய், அண்ணன் தூங்கும் அறைக் கதவைச் சாத்தினாள்.

“சரி” என்றார் அவர். “போன வைக்காதீங்க. பாட்டு முடியட்டும்.”

அவள் போனை ஸ்பீக்கர் பக்கமாக நீட்டினாள். நீட்டும் முன், அந்தப் பக்கம் ஒரு நாற்காலி தரையில் இழுபடும் சத்தமும், அதில் ஒருவர் மெல்ல உட்காரும் சத்தமும் கேட்டன. பெட்டியின் பள்ளத்தில் வட்டு சுழன்றுகொண்டிருந்தது. லேசர் வெளிவிளிம்புக்கு நகர நகர, சுழலும் வேகம் குறைந்துகொண்டே வந்தது. இவ்வளவு நேரம் வெறும் நீலக் கோடாகத் தெரிந்த அச்செழுத்துகள், எழுத்துகள் என்று தெரியத் தொடங்கின. ஜன்னல் வெயில் வட்டில் பட்டு, கூரையில் ஒளித்துண்டு ஒன்றை விட்டிருந்தது. அது அவள் தலைக்குமேல் அசைந்தபடியே இருந்தது.