யார் தூக்கப் போறீங்க?

நங்கையின் தோளுக்கு மேலே அவன் முகம் போய்க்கொண்டே இருக்கிறது, மலைக்கோயில் படிகளில் அவள் விடுவிடுவென்று ஏற ஏற அந்த முகம் சிறுத்து எலுமிச்சம்பழம் அளவாகிறது, வாயில் விரலைப் போட்டபடி என்னையே பார்க்கிறான், நான் இடது கையால் இடது தொடையை அழுத்தி ஒரு படி, மறுபடி அழுத்தி ஒரு படி, சின்ன வயதில் போலியோ வந்த கால் அப்படித்தான் நடக்கும், கை ஊன்றாவிட்டால் முட்டி மடங்கிவிடும், மெல்ல வா அம்மிணி, பையன் எங்கிட்டத்தான இருக்கறான் என்று மேலிருந்து குரல் வருகிறது, அவள் சரசு நங்கை, என் வீட்டுக்காரரின் அக்கா, கீழ்வீட்டில் இருக்கிறாள், என் மகன் அதியன் பிறந்த அன்றிலிருந்து அவனை இடுப்பைவிட்டு இறக்காதவள், அவள் அன்பில் நான் ஒரு சொல் குறை சொல்ல மாட்டேன், ஆனால் உட்கார்ந்திருக்கும்வரைதான் அவன் என் மடியில், நான் எழுந்தால் வேறு யாராவது கையில், பத்து மாதமாக என் பிள்ளையோடு நான் பத்தடி நடந்ததில்லை, இன்று நடந்துவிடுவது என்று முடிவு செய்துதான் வந்திருக்கிறேன், வந்திருக்கிறேனா, ஆமாம், படிகள் எப்போது வழுவழுத் தரையாயின தெரியவில்லை, இது காந்திபுரத்துக் கடை, முதல் மாடி, குழந்தைச் சாமான்கள், கொக்கிகளில் வரிசையாகத் தொங்குகின்றன பிள்ளை சுமக்கும் பைகள், ஒவ்வொன்றும் உள்ளே ஆளில்லாத சட்டைபோல.

ஏற்கெனவே ஒன்று வீட்டில் தொங்குகிறது, என் வீட்டுக்காரர் பூபதி போனில் படம் பார்த்து வரவழைத்தது, ஒடுக்கமான பை, அவனை என் மார்போடு கட்டி முதல் அடி வைக்கிறேன், தொடைக்குப் போன கை அவன் பாதத்தில் இடிக்கிறது, விளையாட்டென்று சிரிக்கிறான், அடுத்த அடியில் நான் குனிய அவன் மூக்கு என் நெஞ்சில் மோதுகிறது, வீறிட்டு அழுகிறான், நங்கை ஓடிவந்து அவிழ்த்தாள், மறுநாள் அந்தப் பையில் சின்ன வெங்காயம் நிரப்பி அடுப்படி ஆணியில் மாட்டிவிட்டு, காத்தாட இருக்குது அம்மிணி, வெங்காயம் அழுகாது என்றாள், மூவரும் சிரித்தோம், நானும்தான், சிரித்துக்கொண்டே யோசித்தேன், தப்பு காலிலும் இல்லை கையிலும் இல்லை, பையில்.

இது அகலமுங்க என்கிறாள் கடைக்கார அம்மா, உக்கார்ற துணி முட்டிக்கு முட்டி தாங்கும், பிள்ளைக்குக் காலு தவளையாட்ட மடங்கி இருக்கோணும், தொங்கப்படாது, முன்னால, இடுப்புல, முதுகுல, மூணு விதமாவும் போட்டுக்கலாம், வளர வளரப் பட்டையை நீட்டிக்கிட்டே போனா மூணு வயசு வரைக்கும் வரும், சரி, யாரு தூக்கப் போறீங்க, அளவு வைக்கிறேன். பூபதி அக்காவைப் பார்த்துத் தாடையை ஆட்டுகிறார், நங்கை அதியனை அவரிடம் கொடுத்து முந்தானையைச் செருகிக்கொண்டு இரண்டு கையையும் உயர்த்தி நின்றே விட்டாள், யாரும் என்னை ஒதுக்கவில்லை, அவர்களுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான், பட்டை அவள் இடுப்பைச் சுற்றி வருகிறது, எனக்கு ஏனோ பள்ளிக்கூட மைதானம் தெரிகிறது, மணி அடிக்கிறது, எல்லோரும் ஓட நானும் ஓடுகிறேன், விழுகிறேன், உள்ளங்கை தேய்கிறது, எழுகிறேன், வேறொரு நாள் மழையில், வேறொரு நாள் கல்யாண மண்டபத்தில் பட்டுச்சேலையோடு, எத்தனை தரம் விழுந்தாலும் மண் வந்து தொடுவது கையையும் முட்டியையும்தான், ஒருதரம்கூட நான் மல்லாந்து விழுந்ததில்லை.

எனக்கு அளவு வைங்க என்றேன்.

உனக்கா என்றார் பூபதி, நீ விழுந்துட்டீன்னா. விழுந்தா முன்னாலதானுங்க விழுவேன், என்னைக்கும் அப்படித்தான், அவன் முதுகுல இருப்பான், கீழ நான் மெத்தையாட்டக் கெடப்பேன். நங்கை பட்டையைப் பிடித்தபடி, எங்கிட்ட என்ன கொறையக் கண்ட அம்மிணி என்றாள், கொறையே இல்லீங் நங்கை, ஆனா நான் நடக்கறப்ப அவன் எங்கூட வரோணும், முதல் தரம் நீங்கதான் தூக்கி வெச்சுக் கட்டோணும், எனக்கு முதுகுப் பக்கம் எட்டாது. அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள், பிறகு பட்டையை அவிழ்த்து, குனி என்றாள் அதட்டலாக, அதுக்குன்னு ஏமாந்த சோணகிரியாட்ட நிக்காத, நல்லாக் குனி.

அவன் ஏறினான், பட்டைகள் இறுகின, இன்னுங் கொஞ்சம், இன்னுங் கொஞ்சம் என்று நங்கையே இழுத்தாள், நான் கையை இறக்கினேன், தொடை காலியாக இருந்தது, அழுத்தினேன், ஒரு அடி, குனிந்தபோது அவன் கட்டிலில்போல என்மேல் படுத்தான், நிமிர்ந்தபோது கூடவே நிமிர்ந்தான், இன்னொரு அடி, இது படியா தரையா, நான் போய்க்கொண்டே இருக்கிறேன், தொட்டில்கள், பொம்மைகள், சின்னச்சின்னச் செருப்புகள் எல்லாம் பின்னே போகின்றன, அவன் முகம் எனக்குத் தெரியாது, தோளுக்கு மேலே அது நங்கையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்கும், பின்னால் அவள் வரும் சத்தம் கேட்கிறது, அத்தையப் பார்றா, இங்க பார்றா என்கிறாள், கழுத்தில் எச்சில் ஈரம், ஐயோ, உன்ற தலைப்பூவைப் பிச்சுத் திங்கறான் அம்மிணி என்று கத்துகிறாள், நான் நிற்கவில்லை, தொடையை அழுத்திக்கொண்டே சொன்னேன், நீங்களே வாயிலிருந்து எடுத்து விடுங்க நங்கை, எனக்கு இங்க கை காலியில்ல.