தோலை அமுக்கிய கை

தோல் பதனிடும் ஆலையின் மாடி ஆபீசில், பிரிண்டர் துப்பிய தாளை அமிர்தவள்ளி கண்ணருகே கொண்டுபோனாள். சரக்கோடு வெளிநாட்டுக்குப் போகும் பேக்கிங் லிஸ்ட்டின் ஓரத்தில் பழுப்புத் தோல் துண்டின் படம். அதை அமுக்கிப் பிடித்தபடி ஒரு கை. விரல் மூட்டுகளில், தோல் பதனிடும் குரோம் உப்பு தின்ற குழிகள். அது யார் கை என்று அவளுக்கா தெரியாது? தினமும் அவள் தேங்காயெண்ணெய் தடவிவிடுகிற கை, அவள் புருஷன் அந்தோணியின் கை.

தப்பு அவளுடையதுதான். தடித்த தோலை வைத்தால் ஸ்கேனர் மூடி உட்காராது, யாராவது அமுக்க வேண்டும். காலையில், தோலை ஊறப்போடும் டிரம் செக்ஷனிலிருந்து துண்டைக் கொண்டுவந்த அந்தோணியையே அமுக்கச் சொல்லிவிட்டு, போனில் பேசிக்கொண்டே பட்டனைத் தட்டிவிட்டாள். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடும் அந்தப் பழைய கம்ப்யூட்டர் ஒரு கல்லுளிமங்கன். லாட் நம்பருக்குக் கீழே எந்தப் படம் இருந்தாலும் வாயைத் திறக்காமல் லிஸ்ட்டோடு சேர்த்து அடித்துத் தள்ளும்.

மேனேஜர் சுந்தரமூர்த்தி தாளை எடுத்தார். போன மாதம் தோல் வாங்கும் வெளிநாட்டுப் பையர் வந்தபோது எல்லோர் கையிலும் புதுக் கிளவுஸ் மாட்டியவர் அவர்தான். கார் கேட்டைத் தாண்டியதும் கிளவுஸ் பீரோவுக்குள் போய்விட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற மனுஷன்.

“இன்னாம்மா இது? பையர் பாத்தா ஆர்டரே போய்டும். யாரு கை?”

“தெரியல சார்.”

“தெரிஞ்சா இன்னிக்கே அவன் கணக்க முடிச்சி அனுப்பிடுவேன். வேற படம் எடு. உன் கைய வெச்சி அமுக்கு.”

கீழேயிருந்து லாரி டிரைவர் சர்தார் பாஷா கத்தினார்: “மேடம், பேப்பர் ரெடியா? லேட்டாச்சின்னா போர்ட்ல பேஜாராய்டும்!”

அமிர்தவள்ளி தோலைக் கண்ணாடியில் வைத்து அமுக்கினாள். வெளிச்சம் அவள் விரல்களுக்கு அடியில் ஊர்ந்து போனது. ‘நீ வாயத் தொறக்காத அமிர்தா, இருக்கற வேலையும் போய்டும்’ என்று அந்தோணி சொல்லியிருந்தான். அவன் பயம் நியாயம்தான். ஆனால் நேற்று சோறு பிசைய முடியாமல் ஸ்பூன் கேட்டானே, அதை நினைக்க நினைக்க அவளுக்கு ஆத்திரம் பொங்கியது.

திரையில் இப்போது இரண்டு வரிகள்: புதுப் படம், பழைய படம். பழையதற்கு முன்னால் நாலாம் எண்ணை அடித்து எண்டர் தட்டினால் அது அழிந்துவிடும். தட்டாவிட்டால் இரண்டும் அடுத்தடுத்த தாளில் வரும். நாலின் மேல் விரலை வைத்தாள்.

“ஆச்சாம்மா?”

“ஆச்சி சார்.”

விரலை எடுத்துவிட்டு, பிரிண்ட் கொடுத்தாள்.

மேல் தாளில் அவள் கை. சுந்தரமூர்த்தி தலையாட்டி, கையெழுத்துப் போட்டு, செல்போனோடு ஜன்னல் பக்கம் போனார். பிரிண்டர் நிற்கவில்லை. அடுத்த தாள் மெதுவாக வெளியே வந்தது. முதலில் நகங்கள், பிறகு மூட்டுகள். அமிர்தவள்ளி அதைத் தன் கை இருந்த தாளுக்கு அடியில் வைத்து, இரண்டையும் கவருக்குள் நுழைத்து ஒட்டினாள்.

பசை இன்னும் காயவில்லை. படியில் சர்தார் பாஷாவின் செருப்புச் சத்தம் ஏறி வந்தது. அவள் கவரின் வாயை உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.