தப்பில்லாத கணக்கு

அக்காவின் விரல் போர்வையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. தம்பி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். விட்டதும் அது விட்ட இடத்திலிருந்தே தொடங்கியது. இன்றைய பொழுதைத் தாண்டுவது கஷ்டம் என்று மருத்துவர் காலையிலேயே அவனிடம் சொல்லிவிட்டார்.

அது பதினோரு வருடத்துக் கணக்கு. இருவரும் ஒரே மருத்துவமனையில் ஊசி மருந்து கலக்கும் அறையில் வேலை பார்த்தவர்கள். மருந்துநீரின் உப்பு ரத்தத்தோடு ஒத்துப்போக வேண்டும். குறைந்தால் ரத்த அணுக்கள் தண்ணீரைக் குடித்து, ஊதி வெடித்துவிடும். எவ்வளவு உப்பு என்று அக்கா கணக்குப் போடுவாள், தம்பி எடைபோட்டுச் சேர்ப்பான். கடைசியில் ஒரு சொட்டைக் கருவியில் வைத்துக் குளிரவைப்பார்கள். சுழியத்துக்கு அரை டிகிரி கீழே போய்ப் பனிக்கட்டியானால் உப்பு சரி. பதினோரு வருடத்துக்கு முன் ஒரு நாள் கருவி பழுது. தன் கணக்கை நம்பி அக்கா கையெழுத்துப் போட்டாள். அந்த மருந்து ஏறிய ஒன்பதாம் கட்டில் பெண் மறுநாள் விடிவதற்குள் போய்விட்டாள்.

விசாரணையில் எல்லாம் என் தப்பு என்று அக்கா தலையைக் கொடுத்தாள். வேலை போயிற்று. அதோடு விட்டாளா? அந்தக் கணக்கையே நோட்டு நோட்டாகப் போட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் விடை சரியாக வந்து அவள் தூக்கத்தைக் கெடுத்தது.

"அந்தப் பொண்ணு வந்து நிக்கிறாடா," என்றாள் அக்கா, கட்டிலின் காலடியைப் பார்த்து. "எங்க தப்புன்னு கேக்கறா. நான் என்னன்னு சொல்ல?"

அங்கே யாரும் இல்லை. தம்பி கட்டிலோடு நெருங்கி உட்கார்ந்தான். இப்போதும் வாயைத் திறக்காவிட்டால் தான் மனிதனே இல்லை என்று தோன்றியது.

"உன் கணக்கு சரிதான்க்கா. அன்னிக்கு ரெண்டு மடங்கு கலக்கச் சொன்னாங்க இல்ல? நான் பழைய அளவு உப்பே போட்டுட்டேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் ஞாபகம் வந்துது. ஒரு போன் பண்ணியிருக்கலாம். பயந்துட்டேன்."

அக்கா திட்டியிருந்தால் தேவலை. அவள் விரல் நின்றது. பார்வை மட்டும் கட்டிலின் காலடியிலிருந்து மெல்ல நகர்ந்து, அவன் தோளுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. "அவகிட்டயே சொல்லு," என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

நாலு மணிக்கு மூச்சு அடங்கியது.

உடலை ஏற்றிய வண்டியில் தம்பி கடைசியாக ஏறினான். இன்னும் யாராவது வரவேண்டுமா என்று ஓட்டுநர் கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் ஓர் ஆள் உட்கார இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தான்.