கர்லூ படகில் ஒரு வாழைத்தார்

நாங்கள் கிளம்பிய லாஸ் பல்மாஸ் துறைமுகத்துச் சந்தையில் வாங்கியபோது அந்த வாழைத்தார் என் இடுப்பு உயரம் இருந்தது. படகில் ஏற்றும்போது என் உயரம் ஆகிவிட்டது. சொல்லச் சொல்ல அது வளர்வதற்கு நான் பொறுப்பல்ல.

எங்கள் பாய்மரப் படகு கர்லூவில் மூன்று பேர்: கார்க் நகரத்தில் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற நான், என் மனைவி ஓர்லா, அவள் தம்பி லோர்கன். பாய்மரப் படகுகள் கூட்டமாகப் போட்டி போட்டுப் போகும் ரேலியில் சேர்ந்து அட்லாண்டிக்கைக் கடந்து செயின்ட் லூசியா போவது என் வாழ்நாள் ஆசை. ஓர்லாவுக்கு அந்த ஆசை ஒரு நிமிடம்கூட வந்ததில்லை. கிளம்பும் முன்பே நிபந்தனை வைத்துவிட்டாள்.

“ஃபின்டன், இந்த ஒரு தடவை வர்றேன். அந்தப் பக்கம் இறங்கினதும் ஒரே வார்த்தை சொல்லுவேன். ‘வித்துடு’ன்னு சொன்னேன்னா, கரையில வரவேற்கிறவங்க குடுக்கிற ரம்மை நீ வாயில வைக்கிறதுக்கு முன்னாடி படகுல விற்பனை போர்டு தொங்கணும்.”

சரி என்றேன். வேறென்ன சொல்வது?

தாரைப் படகின் பின்பக்கம் வெயிலில் தொங்கவிட்டேன். தினம் நாலைந்து பழுக்கும், கரை சேரும்வரை வரும் என்று நினைத்தேன். ஒருநாள் காலையில் பார்த்தால் மேலிருந்து கீழ்வரை ஒரே மஞ்சள். அந்த வெளிச்சத்தைப் பார்த்து ஒரு சரக்குக் கப்பல் கலங்கரை விளக்கம் என்று நினைத்துத் திரும்பிப் போனது. லோர்கன் இதை மறுக்கிறான். அவன் அப்போது தூங்கிக்கொண்டிருந்தான்.

காலையில் வாழைப்பழ அப்பம். மதியம் வெண்ணெயில் வறுத்த வாழைப்பழம். இரவு, கறிக்குழம்பில் கரண்டியை விட்டால் அங்கேயும் வாழைப்பழம். லோர்கன் போட்ட தூண்டிலோ கிளம்பிய நாளிலிருந்து ஆடவே இல்லை.

“வாழைப்பழம் ஏத்தின படகுல மீன் கடிக்காது மச்சான். கடலுக்குப் போற எவனை வேணும்னாலும் கேளு. தூக்கிப் போடு அதை.”

“சாப்பிடற பொருளைக் கடல்ல போட்டா உன்னையும் கூடவே போடுவேன்டா,” என்றாள் ஓர்லா. பிறகு என் பக்கம் திரும்பினாள். “அந்த ஒத்தை வார்த்தையைச் சொல்லக் கரை வரைக்கும் காத்திருக்கணுமான்னு பாக்கறேன்.”

நான் அவசரமாக இன்னும் இரண்டு பழத்தை உரித்து விழுங்கினேன்.

ரேலிப் படகுகள் எல்லாம் தினமும் நண்பகலில் ரேடியோவில் கூடும். ஒருவர் படகுகளின் பெயரைக் கூப்பிடுவார். மற்றவர்கள் தாங்கள் இருக்கும் இடத்தையும் காற்றையும் சொல்வார்கள். பிடித்த மீனைச் சொல்லாமல் யாரும் விட்டதில்லை. அன்று கூப்பிடும் முறை ஓர்லாவுடையது. எங்களுக்கு முன்னால் புள்ளியாகத் தெரிந்த நார்வேப் படகிலிருந்து ஹால்வார் புலம்பினான்.

“மீன் வெட்டி வெட்டிக் கையே மரத்துப்போச்சு, ஓர்லா. பழம்னு ஒண்ணைக் கண்ணால பாத்து எத்தனையோ நாளாச்சு. என் பொண்டாட்டி என்கூடப் பேசறதையே நிறுத்திட்டா.”

“பழமா?” ஓர்லாவின் குரலே மாறிவிட்டது. “ஹால்வார், பாயைச் சுருக்கி மெதுவாப் போ. ஒரு கயித்துல மிதவையைக் கட்டிப் பின்னாடி விடு. மீனையும் அதுலயே கட்டு. இதோ பழத்தோட வர்றோம்.”

நான் இன்ஜின் சாவியை எடுத்தேன்.

“வை அதை. இன்ஜின்ல ஓட்டினா கரையில எழுதிக் குடுக்கணும், தண்டனையா நம்ம பந்தய நேரத்தைக் கூட்டிடுவாங்க. வாழைப்பழம் விநியோகம் பண்ணப் போனோம்னு எழுதப் போறியா?”

“பாயிலயே அவ்வளவு கிட்டப் போறது கஷ்டம்மா. அலையைப் பாரு.”

“இவ்வளவு தூரம் பாயிலதானே வந்தோம்? தள்ளு.”

அதுவரை சுக்கான் சக்கரத்தைத் தொடாதவள் அதைப் பிடித்தாள். ஒவ்வோர் அலையும் தேவாலயக் கோபுர உயரம். (லோர்கனைக் கேட்டால் வீட்டுக்கூரை உயரம் என்பான்.) முதல் முறை மிதவை எட்டாமல் விலகிப் போனது. நான் வாயைத் திறந்தேன்.

“நீ பேசாம பாய்க் கயித்தைப் பிடி!”

படகைச் சுற்றிக் கொண்டுவந்தாள். இரண்டாம் முறை மிதவை எங்கள் பக்கவாட்டில், கைக்கெட்டும் தூரத்தில், சொன்ன பேச்சுக் கேட்டு வந்து நின்றது. லோர்கன் கொக்கியால் இழுத்து மீன் பையை அவிழ்த்து, மூட்டை கட்டிய பழங்களைக் கயிற்றில் மாட்டிவிட்டான். நார்வேக்காரர்கள் இழுத்துக்கொண்டார்கள். ஹால்வாரின் மனைவி எங்களுக்குக் கைகாட்டிக்கொண்டே ஒரு பழத்தைத் தோலோடு கடித்ததை நான் பார்த்தேன்.

மறுநாள் எங்கள் தூண்டிலில் ஒரு மீன் மாட்டியது. படகு பின்னோக்கிப் போகும் அளவுக்குப் பெரிய மீன். அதன்பிறகு ஹால்வாருக்கு ஒரு மீன்கூடக் கடிக்கவில்லை. நண்பகல் ரேடியோவில் அவன் எங்களைத் திட்டியதை அட்லாண்டிக்கே கேட்டது. இதை மட்டும் லோர்கனும் ஒப்புக்கொள்கிறான்.

ஓர்லா சக்கரத்தைத் திருப்பித் தரவே இல்லை. செயின்ட் லூசியாவில் பந்தய முடிவுக் கோட்டைத் தாண்டி ஊதல் சத்தம் கேட்டபோதும் அவள்தான் ஓட்டினாள். ஆனால் படகை விற்பதா வேண்டாமா என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. கேட்க எனக்கும் தைரியம் இல்லை.

கரையில் ஆளுக்கொரு கிண்ணம் ரம்மும், வரவேற்புப் பழக்கூடையும் தந்தார்கள். கூடையின் மேலேயே ஒரு சீப்பு வாழைப்பழம். லோர்கன் பதறிப்போய் அதை எடுத்துக்கொண்டு ஹால்வாரின் படகைத் தேடி ஓடினான்.

நான் கிண்ணத்தை உதட்டருகே வைத்துக்கொண்டு நின்றேன். ஓர்லா கர்லூவைப் பார்த்தாள், பாய்மரத்தை அடியிலிருந்து நுனிவரை பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்தாள்.

“குடி,” என்றாள்.