தாக்கும் பழக்கம் உண்டா?

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு அக்கா தங்கையின் இடது கையை உடைத்தாள்.

பெரிய சண்டை ஒன்றுமில்லை. அக்காவின் உடுப்பு நனைந்திருந்தது. மாற்றிவிடலாம் என்று தங்கை பொத்தானில் கை வைத்தாள், அவ்வளவுதான். அக்கா அந்தக் கையை இரண்டு கைகளாலும் பிடித்து, குளியலறைக் கதவின் விளிம்பில் ஓங்கி இறக்கினாள். முருங்கைக் கிளை முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அக்காவுக்கு எழுபத்தொரு வயது. முப்பத்திரண்டு வருடம் பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சராக இருந்தவள், பிள்ளைகளுக்குக் குண்டு எறியக் கற்றுக்கொடுத்தவள். விசில் டீச்சர் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். மறதி நோய் வந்த மூன்று வருடத்தில் பெயர்கள் போயின, முகங்கள் போயின. தோளில் இருந்த பலம் மட்டும் இம்மியும் குறையவில்லை.

தங்கை தரையில் உட்கார்ந்து, தொங்கும் கையை மடியில் ஏந்திக்கொண்டு அலறினாள். அக்கா பதறிப்போய்ப் பக்கத்தில் குந்தினாள்.

"யாரும்மா உன்னை இப்படிப் பண்ணது? ஆளைக் காட்டு. அவளை உண்டு இல்லைன்னு ஆக்கிடறேன்."

மருத்துவமனைக்குத் தம்பி வந்தான். டயர் கடை வைத்திருப்பவன். நகக்கண்ணில் கறுப்பு போகாது, வாய் ஓயாது.

"மொதல்ல முட்டி. போன மாசம் விலா. இப்ப கை. அடுத்தது என்ன, கழுத்தா?"

"அவ வேணும்னு பண்ணலடா."

"எமன்கூடத்தான் வேணும்னு பண்றதில்ல. அவன் வேலை அது."

கணவன் இறந்தபின் தங்கை அக்காவோடு வந்து சேர்ந்து பதினான்கு வருடம். கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்ட அக்கா அன்று வாசலில் நின்று, "வா, ரெண்டு பேரும் கிழவியாகலாம்" என்று சொல்லித்தான் பெட்டியை வாங்கி உள்ளே வைத்தாள். அவளைக் கொண்டுபோய் எங்காவது விடுவது என்ற பேச்சை தங்கை இதுவரை எடுக்கவிட்டதில்லை. அன்று கட்டுப் போட்டுக்கொண்டு வெளியே வந்தவள், "நாலு இடம் பார்ப்போம்" என்றாள்.

முதலில் போன முதியோர் இல்லத்தில் உள்ளதை உள்ளபடி சொன்னாள். மேஜைக்குப் பின்னால் இருந்தவர் பாதி கேட்டதுமே பதிவேட்டை மூடினார். "அடிக்கிறவங்களை நாங்க எடுக்கறதில்லம்மா. மத்தவங்க குடும்பத்துக்கு நான் என்ன பதில் சொல்வேன்?" தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை.

இரண்டாவது இல்லம் வெளியே இருந்து பார்க்க ஜோராக இருந்தது. புதுப் பெயிண்ட், சுவரில் பெரிய டிவி, தரையில் முகம் தெரிந்தது. யாரை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்வார்களாம், எதையும் கேட்கமாட்டார்களாம். தம்பிக்குப் பிடித்துப்போயிற்று. தங்கை டிவியைப் பார்க்கவில்லை, தரையைப் பார்க்கவில்லை. வரிசையாக உட்கார்ந்திருந்த முதியவர்களின் கைகளைப் பார்த்தாள்.

அவள் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிறவள். முப்பது வருடமாகப் பிறர் கைகளைப் பார்த்தே பிழைத்தவளுக்குக் கன்றல் என்ன சொல்கிறதென்று தெரியும். ஊசி பட்ட கன்றல் வட்டமாகப் பரவும். இடித்துக்கொண்ட கன்றல் எலும்பு மேட்டில் இருக்கும். அங்கே அவள் கண்டது வேறு. மேல்கையின் உட்புறத்தில் நான்கு விரல் வரிசையாக, மறுபுறம் கட்டைவிரல் ஒன்று. ஒருவருக்கு நீலம், ஒருவருக்குப் பச்சை, ஜன்னலோரக் கிழவிக்கு நீலமும் மஞ்சளும் ஒன்றின் மேல் ஒன்று. ஒரு பெரியவரைக் கிழித்த படுக்கைவிரிப்பால் நாற்காலியோடு கட்டியிருந்தார்கள்.

"பாதுகாப்புக்குத்தான்" என்றான் உடன் வந்த பணியாள்.

கட்டப்பட்டிருந்தவர் சட்டென்று கையை நீட்டித் தங்கையின் மாவுக்கட்டைப் பற்றிக்கொண்டார். "கூட்டிட்டுப் போ... கூட்டிட்டுப் போ..." பணியாள் சிரித்தபடியே குனிந்தான். அவருடைய சுண்டுவிரலைப் பிடித்துப் பின்பக்கமாக வளைத்தான். பிறகு அடுத்த விரல். பிறகு அடுத்தது. பெரியவர் கத்தவில்லை. வாயைத் திறந்து மூடினார். கத்தினால் என்ன ஆகும் என்று தெரிந்தவரின் வாய் அது.

காரில் ஏறியதும் தம்பி சொன்னான்: "இங்கயே விட்டுடலாம்க்கா. நமக்கும் வேற போக்கிடம் இல்ல. கொஞ்சம் கண்டிப்பு இருக்கத்தானே செய்யும்?"

தங்கை மாவுக்கட்டைத் தூக்கி அவன் தோளில் அடித்தாள். வலி அவளுக்குத்தான் அதிகம். மறுபடியும் அடித்தாள். கார் ஒருபக்கம் இழுத்துக்கொண்டுபோய் நடைபாதையில் உரசி நின்றது.

"விரலை ஒடிக்கிறான்டா. சிரிச்சுக்கிட்டே ஒடிக்கிறான்!"

தம்பி தோளைத் தேய்த்துக்கொண்டான். "நம்ம குடும்பத்துல எல்லாருக்கும் கை நீட்டுற பழக்கம். அவளை மட்டும் சொல்லிப் பிரயோஜனமில்ல" என்றான்.

மூன்றாவது இல்லம் பழைய கட்டடம். காரை பெயர்ந்த சுவர், சத்தம் போடும் மின்விசிறி. தங்கை வணக்கம் சொல்லுகிற சாக்கில் பதினொரு பேரின் கைகளைத் தொட்டுப் பார்த்தாள். ஊசிக் கன்றல் இரண்டு, முழங்கைச் சிராய்ப்பு ஒன்று. வேறொன்றும் இல்லை. உயரமான ஒரு பணிப்பெண், நாற்பது வயது இருக்கும், ஒரு கிழவரின் சட்டைப் பொத்தானை அவரே போட்டுக்கொள்ளட்டும் என்று எதிரில் நின்று காத்துக்கொண்டிருந்தாள். அங்கே எல்லோரும் அவளை நெட்டை என்றே கூப்பிட்டார்கள்.

"யாராவது அடிச்சா என்ன செய்வீங்க?" என்று தங்கை கேட்டாள்.

"ரெண்டு அடி பின்னால நிப்போம். கோவம் தானா வடியும்" என்றாள் நெட்டை. "ஆனா முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். தெரிஞ்சா ரெண்டு பேரா போவோம், கையில எதுவும் கிடைக்காம பாத்துக்குவோம்."

தலைமை நர்ஸ் படிவத்தை நீட்டினாள். தலை நரைத்த, குறைவாகப் பேசுகிற பெண். நடமாட்டம், தூக்கம், சாப்பாடு என்று கேள்விகள் போய்க்கொண்டே இருந்தன. பதினேழாவது கேள்வி: பிறரைத் தாக்கும் பழக்கம் உண்டா?

தங்கையின் பேனா நின்றது. பதிவேட்டை மூடியவர் நினைவுக்கு வந்தார். பின்னால் வளைந்த விரல்கள் நினைவுக்கு வந்தன. தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

'இல்லை' என்று எழுதினாள்.

"கை எப்படி உடைஞ்சுது?" என்றாள் தலைமை நர்ஸ்.

"பாத்ரூம்ல வழுக்கிட்டேன்."

"வியாழக்கிழமை காலைல கூட்டிட்டு வாங்க. ஒரு நாள் இருந்து பாக்கட்டும். நாங்களும் பாக்கணும்."

வியாழக்கிழமை அக்கா நல்ல மனநிலையில் இருந்தாள். கூடத்தில் நுழைந்ததும் இடுப்பில் கை வைத்து ஒரு பார்வை பார்த்தாள். "என்ன இது, வரிசையே இல்ல? எல்லாரும் கையைத் தூக்குங்க!" என்றாள். ஏழெட்டுப் பேர் தூக்கவும் செய்தார்கள். நெட்டையும் தூக்கினாள். "நீ நல்ல ஒசரம். வலைப்பந்துக்கு உன்னைப் போடறேன்" என்றாள் அக்கா. கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த தங்கைக்கு, தப்பித்துவிட்டோம் என்ற நினைப்பு வந்தது. தம்பி டீ வாங்கப் போனான்.

பதினொன்றரைக்கு அக்காவின் உடுப்பு நனைந்தது.

நெட்டை அவள் தோளை அணைத்துக் கழிப்பறைக்கு அழைத்துப் போனாள். தனியாகத்தான் போனாள். படிவத்தில் 'இல்லை' என்று இருந்தது. தங்கை எழுந்து நின்றாள். கூப்பிட வேண்டும், சொல்ல வேண்டும். கால் ஓர் அடி எடுத்து வைத்தது, வாய் திறக்கவில்லை. இன்று ஒருவேளை ஒன்றும் ஆகாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

முதலில் கேட்டது எவர்சில்வர் ஜாடியின் சத்தம். அடுத்து, வாய்க்குள்ளே சிக்கிய ஓர் அலறல்.

தங்கை ஓடினாள். நெட்டை ஈரத் தரையில் மல்லாந்து கிடந்தாள். வாயெல்லாம் ரத்தம். அக்கா அவள் மார்பில் முழங்காலை ஊன்றி, முடியை இரண்டு கைகளிலும் சுருட்டிப் பிடித்து, தலையைத் தரையில் மோதிக்கொண்டிருந்தாள். தூக்கி ஒரு மோது. தூக்கி இன்னொரு மோது. அருகே நசுங்கிய ஜாடி உருண்டுகொண்டிருந்தது. நெட்டை கையை விடுவித்து அக்காவின் கன்னத்தில் அறைந்தாள். அக்கா விடவில்லை. இன்னும் பலமாக ஒன்று அறைந்தாள். அக்கா குனிந்து அவள் தோளைக் கடித்தாள்.

"அக்கா! விடு! விடுக்கா!" தங்கை ஒற்றைக் கையால் அக்காவின் கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்தாள். உடுப்பு கிழிந்தது. அக்காவின் முழங்கை பின்னால் வந்து தங்கையின் மூக்கில் இறங்கியது. கண் இருட்டியது. அப்போதும் பிடியை விடாமல், முழு உடம்பையும் பின்னால் சாய்த்து, அக்காவோடு சேர்ந்து விழுந்தாள். மாவுக்கட்டு அடியில் மாட்டிக்கொண்டது. பொருத்தி வைத்திருந்த எலும்பு மறுபடியும் விலகியதை அவள் உணர்ந்தாள்.

தலைமை நர்ஸும் இன்னும் இரண்டு பேரும் வந்து அக்காவைத் தூக்கினார்கள். அவர்கள் கை பட்ட கொஞ்ச நேரத்தில் அக்கா சாதுவானாள். கன்னத்தில் ஐந்து விரலும் சிவப்பாகப் பதிந்திருந்தன. "யாரோ அடிச்சுட்டாங்க" என்று அழுதாள்.

தலைமை நர்ஸ் அந்தக் கன்னத்தைப் பார்த்தாள். பிறகு நெட்டையைப் பார்த்தாள். "நீயா?"

நெட்டை உள்ளங்கையில் துப்பினாள். இரண்டு பல் வந்தன. தலையாட்டினாள்.

"நம்ம விதி தெரியும்ல? யார் மேல கை வெச்சாலும் அன்னிக்கே வெளியே. பதினோரு வருஷத்துல நான் ஒருத்தருக்கும் அதைத் தளர்த்தினதில்ல." தலைமை நர்ஸின் குரல் நடுங்கியது. "வலிக்குது எனக்கும்."

நெட்டை அழவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு எழ முயன்றாள்.

தங்கை பேசாமல் இருந்திருக்கலாம். இருந்தால் அக்காவுக்கு ஒருவேளை இன்னொரு வாய்ப்புக் கிடைத்திருக்கும். குற்றம் வேறொருத்தி தலையில் விழுந்துவிட்டது. அந்தக் கணக்கு அவள் மனதில் ஓடாமல் இல்லை. ஓடியது. அதற்காக அவள் பின்னாளில் எத்தனையோ முறை வெட்கப்பட்டிருக்கிறாள். ஆனால் மூக்கிலிருந்து ரத்தம் உதட்டுக்கு இறங்கிய அந்த நேரத்தில் வாய் தானாகத் திறந்தது.

"அவங்களை அனுப்பாதீங்க. நான்தான் பொய் எழுதினேன். என் கையை உடைச்சது எங்க அக்காதான். முட்டி, விலா எல்லாம் அவதான். உடுப்பை மாத்தப் போனா அடிப்பா. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் எழுதினேன்."

நெட்டை சுவரை விட்டாள். தள்ளாடிக்கொண்டே இரண்டு எட்டு நடந்து வந்தாள். தங்கையின் கன்னத்தில் பளாரென்று ஒன்று விட்டாள். டீ டம்ளர்களோடு வாசலில் வந்து நின்ற தம்பி அப்படியே நின்றுவிட்டான்.

"நான் உங்களுக்குச் சொன்னேன்" என்றாள். பல் போன வாயில் சொல் குழறியது. "மொத நாளே சொன்னேன். தெரிஞ்சா ரெண்டு பேரா போவோம்னு. சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க" என்றாள் தங்கை.

தலைமை நர்ஸ் இருவருக்கும் நடுவில் வந்தாள். நெட்டையைத் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "இவ அடிச்சது உயிருக்குப் பயந்து. அதை நான் அப்படித்தான் எழுதப் போறேன்" என்றாள். "இப்ப அடிச்சதை நான் பாக்கல. விதி நோயாளிகளைப் பத்தித்தான். பாக்க வர்றவங்களைப் பத்தி அதுல ஒண்ணும் இல்ல."

அக்காவை அன்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். போகும்போது தலைமை நர்ஸ் புதுப் படிவம் ஒன்றைத் தம்பியிடம் கொடுத்தாள். "உண்மையா எழுதுங்க. எப்ப அடிக்கிறாங்க, எதால அடிக்கிறாங்க, எதைத் தொட்டா அடிக்கிறாங்க. எல்லாம். டாக்டர் மாத்திரையைச் சரிபண்ணட்டும். மூணு வாரம் கழிச்சுப் பேசுவோம். எடுப்பேன்னு இப்ப சொல்லமாட்டேன்."

பதினேழாவது கேள்விக்கு இடம் போதவில்லை. தங்கை படிவத்தின் பின்பக்கம் முழுவதும் எழுதினாள். தம்பி பக்கத்தில் உட்கார்ந்து, அவள் விட்டதை எல்லாம் எடுத்துக்கொடுத்தான்.

அந்த மூன்று வாரமும் அவன் கடையை மைத்துனனிடம் விட்டுவிட்டு அவர்களோடு வந்து தங்கினான். ஐந்தாம் நாள் உடுப்பு மாற்றப் போனவனின் காதை அக்கா கடித்துவிட்டாள். நான்கு தையல். அந்த இரண்டாவது இல்லத்தைப் பற்றி அவன் அதற்குப் பிறகு பேசவே இல்லை. ஒருமுறை மட்டும், காதில் பஞ்சை அழுத்திக்கொண்டு, "கோவத்துல எனக்கும் கை ஓங்கிடுச்சுக்கா. அடிக்கல. ஓங்கிடுச்சு" என்றான். தங்கை அவன் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

மாத்திரை கொஞ்சம் வேலை செய்தது. அக்காவை எடுத்துக்கொண்டார்கள். எப்போதும் இரண்டு பேராகவே அவளிடம் போனார்கள். உடுப்பில் பொத்தானுக்குப் பதில் நாடா வைத்தார்கள். ஜாடி, டம்ளர் எல்லாம் பிளாஸ்டிக் ஆயின. வாரத்துக்கு ஒரு தடவையாவது யாரையாவது அடிப்பாள். யாரும் திருப்பி அடிக்கவில்லை. தங்கை ஒவ்வொரு முறையும் அக்காவின் கைகளைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

நெட்டை பொய்ப்பல் கட்டிக்கொண்டு வேலைக்குத் திரும்பினாள். அக்கா இருந்த பக்கத்துக்கு அவளைப் போடவில்லை. தாழ்வாரத்தில் எதிர்ப்படும்போது தங்கை நிற்பாள். நெட்டை நிற்கமாட்டாள். ஒருமுறை தங்கை பழம் வாங்கிக்கொண்டு போய் நீட்டினாள். "அங்க வைங்க, எல்லாரும் எடுத்துக்குவாங்க" என்று மேஜையைக் காட்டிவிட்டு நடந்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா ஜன்னலோரம் இருந்தாள். தங்கை தலை கோதிவிடலாம் என்று கிட்டே போனாள். பார்வை மாறியதைக் கண்டதும் இரண்டு அடி பின்னால் நகர்ந்தாள். வீசிய கை காற்றில் போயிற்று. அக்கா முறைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தங்கை நாற்காலியை இழுத்து, கை எட்டாத தூரத்தில் போட்டுக்கொண்டாள். மூன்று மணி வரை அங்கேயே இருந்தாள்.