அண்ணி பார்த்த முள்ளன்

1

இந்தக் கதை ஏற்கெனவே ஒருமுறை எழுதி முடிக்கப்பட்டுவிட்டது. அதை உங்களிடம் மறைப்பானேன்? என் அண்ணி ஏழு வருடங்களுக்கு முன்னால் எங்கள் ஊர் விரிகுடாவில் ஓர் அபூர்வக் கடல்குதிரையைக் கண்டுபிடித்தவர். அந்த வெற்றியை அப்படியே எழுதி, கடைசியில் கொஞ்சம் சூரியோதயமும் போட்டு, பெருமையாகக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தேன். சமையல் மேடைமேல் காகிதங்களைப் பரப்பி வைத்து நின்றபடியே படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நல்லா எழுதியிருக்க தம்பி. ஆனா அது நடக்கவே இல்ல."

ஆகவே இது இரண்டாவது கதை. முதலாவதைவிட நன்றாக வரும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

2

தொடக்கங்கள் மூன்று எழுதிப் பார்த்தேன்.

(அ) கடலுக்கடியில் ஒரு குதிரை லாயம் இருந்தது. அங்கே இரவும் பகலும்—

(அடித்துவிட்டேன். அண்ணி படித்தால் என் மானம் கப்பலேறும்.)

(ஆ) அவள் மூச்சை அடக்கியபோது உலகமே ஒரு கணம்—

(உலகத்தைச் சும்மா விடுவோம். அதற்கு ஆயிரம் வேலை.)

(இ) அண்ணி ஒரு பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளர்.

இதுதான் சரி. வார நாட்களில் கண்ணாடிக் குழாய்களைக் கழுவி அடுக்குவார். ஞாயிறு காலை ஏழு மணிக்கு நீச்சல் கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டிக்கொண்டு, படகுத்துறைக்குப் பக்கத்தில் கடற்புல் வளர்ந்த இடத்தில் குப்புற மிதப்பார். கடல்குதிரைகளை எண்ணும் அந்தக் குழுவில் அவரையும் சேர்த்து ஆறு பேர். கடல்குதிரையைத் தேடினால் கண்ணில் படாதாம். புல்லைத்தான் பார்க்க வேண்டுமாம். அலைக்குப் புல்லெல்லாம் ஒரு பக்கம் சாயும்போது, ஒன்று மட்டும் கொஞ்சம் தாமதமாகச் சாயும். அதுதான் அது, வாலால் புல்லைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

தொடக் கூடாது, விளக்கடிக்கக் கூடாது. பக்கத்தில் அளவுகோலைப் பிடித்து மூன்று படம் எடுத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். வீட்டுக்கு வந்ததும் அண்ணி படத்தைப் பெரிதாக்கி, சுருண்ட வாலின்மேல் தையல் நூலை வைத்து அளப்பார். வாலில் எத்தனை வளையம், மூக்கு எவ்வளவு நீளம், கன்னத்தில் முள் உண்டா என்று ஒவ்வொன்றாகக் குறிப்பார். எல்லாவற்றையும் மூன்று தடவை எண்ணுவார்.*

* இந்த இனத்தில் மாசமாக இருப்பது ஆண்தான். வயிற்றில் ஒரு பை, அதில் குட்டிகள். இதை வைத்து அண்ணனை ஒருமுறை கிண்டலடித்தேன். அவர் சிரிக்கவில்லை. அண்ணி சிரித்த சிரிப்பில் அடுத்த அறையில் நாய் விழித்துக்கொண்டது.

3

எங்கள் விரிகுடாவில் சாதாரணமாக இருப்பதற்குக் குழு வைத்திருக்கும் பெயர் மொழுக்கன். உடம்பு வழவழவென்று இருக்கும். முள்ளன் வேறு. உடம்பெல்லாம் கூர்முள், எங்கேயுமே அரிதாகிவிட்ட ஜாதி. ஏழு வருடங்களுக்கு முன்னால் அண்ணி படமெடுத்தது அந்த முள்ளனை. உடனே துறைமுக அலுவலகம் புல்லைச் சுற்றிப் பதினான்கு மஞ்சள் மிதவைகளைக் கட்டியது. உள்ளே எந்தப் படகும் நுழையவோ நங்கூரம் போடவோ கூடாது என்று உத்தரவும் போட்டது. நங்கூரம் ஒருமுறை இழுபட்டால் புல் வேரோடு பிடுங்கிக்கொண்டு வரும். மறுபடி முளைக்க வருடக்கணக்காகும்.

அண்ணனுக்கு ஒரு சுற்றுலாப் படகு இருக்கிறது. பெண்டாட்டி பார்த்த மீனுக்காக ஏழு வருடமாகச் சுற்றிக்கொண்டு போகிறார்.

(இந்த இடத்தில் அவரை வில்லனாக்க ரொம்ப ஆசைப்பட்டேன். கதவை அறைய வைத்தேன், பல்லைக் கடிக்க வைத்தேன். மனுஷன் ஒத்துழைக்கவே இல்லை. நிஜத்தில் ஞாயிறு காலையில் அண்ணியின் நீச்சல் கண்ணாடிப் பட்டையை இழுத்துச் சரிபார்த்துவிட்டுத்தான் தன் படகுக்குப் போவார். வில்லன் வேலைக்கு லாயக்கே இல்லை.)

4

இந்த வருடத் தொடக்கத்தில் அண்ணி ஒரு குட்டியைக் கண்டார். குட்டிகள் லேசில் கண்ணில் படாது. கண்ணுக்குக் கீழே மூன்று வெள்ளைப் புள்ளிகள், உடம்பெல்லாம் முள். இரண்டாவது முள்ளன்! அன்றைக்கு அவருக்குத் தலைகால் புரியவில்லை. ஐந்து மாதம் கழித்து அதே புல்லில், அதே மூன்று புள்ளிகளோடு மறுபடி பார்த்தார். முள்ளெல்லாம் மழுங்கிப் போயிருந்தது. சாட்சாத் மொழுக்கன்.

 வீட்டுக்கு ஓடிவந்து ஏழு வருடத்துப் பழைய படத்தைத் திறந்து நூலை வைத்தார். ஐந்து சென்டிமீட்டர். அதுவும் குட்டிதான்.

மூன்று தடவை எண்ணுகிறவர் எப்படிக் கோட்டைவிட்டார்? தண்ணீருக்குள் கொண்டுபோகும் எழுதுபலகையில் ஒட்டுவதற்காக, எது எந்த இனம் என்று பார்க்கும் அடையாள அட்டையை அவர்தான் அளவாக வெட்டி பிளாஸ்டிக் உறை போட்டிருந்தார். இழுப்பறையைக் கிளறி முழுத்தாளை எடுத்துப் பார்த்தார். வெட்டுப்பட்ட கடைசி வரியில் இருந்தது: 'வளர்ந்தவற்றுக்கு மட்டும். மொழுக்கன் குட்டிகளுக்கும் முள் உண்டு.' ஆறு பேரும் இத்தனை வருடமாக அந்தக் குறை அட்டையின் நகலைத்தான் வைத்திருக்கிறார்கள்.

மிதவைகளின் உத்தரவு ஏழு வருடத்துக்குத்தான். அதைப் புதுப்பிக்க வியாழக்கிழமை காலை பத்து மணிக்குத் துறைமுக அலுவலகத்தில் கூட்டம். விரிகுடாவில் முள்ளன் இருக்கிறது என்று அண்ணி கையெழுத்துப் போட்டால் மிதவைகள் இருக்கும். உண்மையைச் சொன்னால், புல் போய்விடும். விஷயம் தெரிந்தது அவருக்கும் எனக்கும் மட்டும்.

5

நான் முடிவுகள் கைவசம் வைத்திருந்தேன். கொண்டுபோய்க் கடைவிரித்தேன்.

முதல் முடிவு: அண்ணி வாயே திறக்காமல் கையெழுத்துப் போடுகிறார். புல் பிழைக்கிறது. வாசகர் பெருமூச்சு விடுகிறார். அண்ணி அதைக் கேட்டுவிட்டு, அடுத்த ஞாயிறு எதை நம்பி எண்ணுவது என்று கேட்டார். 

இரண்டாவது: அட்டையைக் கடலில் வீசி எறிகிறார். (கடலில் பிளாஸ்டிக்கா என்று ஒரு முறை முறைத்தார். எடுத்துவிட்டேன்.)

மூன்றாவது: புதன்கிழமை காலையில் நிஜமான முள்ளன் ஒன்று வந்து நிற்கிறது.

"அப்படி ஒண்ணு வந்தா, முதல்ல உன்னைத்தான் சந்தேகப்படுவேன்" என்றார்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு சிரிப்பு நின்று, மேசைமேல் கையை ஊன்றிக்கொண்டு அழுதார். அந்தப் புல்லைத் தன் உள்ளங்கை மாதிரி தெரியும் அவருக்கு. அதைத் தன் வாயாலேயே காட்டிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. 

6

அன்று சாயங்காலம் அண்ணனிடமும் சொன்னார். சந்தோஷப்படுவார் என்று நான் நினைத்தேன், நேர்வழி திறக்கப்போகிறதே! அவர் கையில் இருந்த கயிற்றை முடிச்சுப் போட்டு முடித்துவிட்டுத்தான் பேசினார்.

"போய்ச் சொல்லு. மிதவைய எடுத்தாலும் நான் அங்க நங்கூரம் போட மாட்டேன். ஆனா மத்த பதினோரு படகுக்கு நான் பொறுப்பு சொல்ல முடியாது."

அண்ணி தலையாட்டினார். அவ்வளவுதான் அவர் கேட்டது. நேராகப் போய் அறிக்கையை முதலிலிருந்து எழுதினார். எழுதியதை எனக்குக் காட்டினார். நான் ஒரு சொல்லைக்கூடத் தொடவில்லை. எழுத்துக்காரன் வாழ்க்கையில் இது நடக்கிற காரியமா!

'முள்ளன்: இல்லை. என் தவறு. அட்டையை வெட்டியது நான். மொழுக்கன்: நாற்பத்தொன்று. அவற்றில் ஒன்பது ஆண்களுக்கு வயிற்றுப் பை நிரம்பியிருக்கிறது. மிதவைகள் இருக்கட்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.'

7

இந்தக் கதையை வெளியிட அண்ணி ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"நான் கூட்டத்துல பேசி முடிச்சப்புறம் அச்சுக்குக் குடு. அவங்க அதை என் வாயாலதான் கேக்கணும்."

எனவே இது உங்கள் கையில் இருக்கிறதென்றால், அவர் எழுந்து நின்று சொல்லிவிட்டார். அதுவரைக்கும் என் பொறுப்பு, குறையில்லாமல் செய்துவிட்டேன். கூட்டம் என்ன முடிவெடுத்தது என்பதை எழுதப்போவதில்லை. எழுதினால் நீங்கள் அவர்களைத் திட்டிவிட்டோ பாராட்டிவிட்டோ புத்தகத்தை மூடிவைத்துவிடுவீர்கள்.

கூட்டத்தில் மேசையைச் சுற்றி ஏழு பேர். எட்டாவது நாற்காலி உங்களுக்கு, உட்காருங்கள். அபூர்வம் எதுவும் அங்கே இல்லை என்று இந்தப் பெண்மணி இப்போதுதான் சொல்லி முடித்தார். சாதாரணக் கடல்குதிரைகள், நாற்பத்தொன்று. மிதவைகள் இருக்கட்டும் என்கிறவர்கள் கையைத் தூக்குங்கள்.