பதினஞ்சு பதினாறு

சூட்கேஸின் பூட்டு மக்கர் பண்ணியது. மேனேஜரம்மா தையல் கத்தரியை உள்ளே விட்டு நெம்பினாள். கூடத்தில் மனுஷன் பெட்டிக்குள் படுத்திருக்கிறார். கடைசியாகப் போட்டு அனுப்ப ஒரு நல்ல சட்டை வேண்டும். இருக்கிற ஒரே நல்ல சட்டையையும் ஊர் சுற்றப் போகும்போது அவளே இதற்குள் மடித்து வைத்துத் தொலைத்திருக்கிறாள். இரண்டாவது நெம்பலில் பூட்டு தெறித்தது.

மேனேஜர் என்பது அவள் பார்த்த உத்தியோகம் இல்லை. வீட்டு முன்னறையில் உட்கார்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சீருடை தைக்கிறவள் அவள். பெயர் வைத்தது புருஷன். லேத் பட்டறையில் முப்பத்தாறு வருஷம் இரும்பு கடைந்து, அந்தச் சத்தத்துக்கே இரண்டு காதிலும் முக்கால்வாசியைக் கொடுத்துவிட்டு வந்தவர். காதுக்கு ஒரு மிஷின் வாங்கிக் கொடுத்தாள். "இதை மாட்டினா ஊரே உள்ள வந்து கத்துதுடி" என்று சட்டைப் பைக்குள்ளேயே வைத்திருந்தார். யார் எதைக் கேட்டாலும், "எல்லாம் மேனேஜர்கிட்ட கேளுங்க" என்று கையைக் காட்டிவிட்டு ஒரு சிரிப்பு. காபிக்குச் சர்க்கரை எத்தனை, கல்யாணத்துக்கு வருவாரா மாட்டாரா, முடியை ஒட்ட வெட்டலாமா, எல்லாவற்றுக்கும் அவள்தான் வாய். நாற்பத்திரண்டு வருஷமாகச் சொல்லிச் சொல்லி, அவருக்கு எது பிடிக்கும் என்று அவரே மறந்திருப்பார்.

சூட்கேஸுக்குள் எல்லாம் அவள் மடித்த மாதிரி இல்லை. சட்டைகள் ஒரே அளவில், விளிம்போடு விளிம்பு சேர்த்து, சரக்கு அடுக்கியது போல இருந்தன. பார்த்ததுமே தெரிந்தது, இது ஸ்டோர்காரர் கைவேலை. பட்டறையில் நட்டு போல்ட்டை எண்ணிக் கொடுத்தே பழக்கப்பட்ட மனுஷர். மேலாகப் புருஷனுடைய ஜெர்கின் கிடந்தது. பாஸ்போர்ட் வைக்க அவள் உள்ளே தைத்துக் கொடுத்த பையும் பிரியாமல் அப்படியே இருந்தது.

பட்டறைச் சிநேகிதர்கள் நாலு பேர். போர்மேன், வெல்டர், ஸ்டோர்காரர், அவர். வேலையை விட்ட நாளிலிருந்து போகலாம் போகலாம் என்று வாயாலேயே பத்து வருஷம் பறந்துகொண்டிருந்தார்கள். ஒரு வழியாக இந்த வருஷம்தான் கூட்டத்தோடு போகும் சுற்றுலாவில் இடம் போட்டார்கள். பன்னிரண்டு நாள், அஞ்சு நாடு. அவளையும் கூப்பிட்டார்கள். முட்டி வலியோடு ஏறி இறங்கி யார் சாவது, நீங்க போய்ட்டு வாங்க என்று அனுப்பி வைத்தாள். ஒன்பதாம் நாள் போர்மேன் போன் பண்ணினார்.

"பஸ்ல தூங்கிட்டிருந்தாரு அண்ணி. ஸ்டோர் தோள்ல சாஞ்சுட்டிருந்தவரு... அப்படியே போயிட்டாரு. ஒரு கஷ்டமும் படல அண்ணி."

அந்தத் தோளைத்தான் ஆறு நாளாக அவள் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்நிய மண்ணாக இருந்தால் என்ன, சொந்த மனுஷன் தோளில்தானே போனார் என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லி அழுதாள். சொல்லும்போது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

வெள்ளைச் சட்டையை எடுத்து உதறியபோது மகள் உள்ளே வந்து கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். ஒரு கையில் போன். இன்னொரு கையில் பெட்டியோடு வந்த காகிதங்கள்.

"அம்மா, நீ கத்தக் கூடாது."

"கத்த எனக்கு இன்னும் தெம்பு இருக்கா என்ன? சொல்லு."

"அந்த ஊர்க்காரங்க எழுதின காகிதத்தைப் போன்ல வச்சு மொழிபெயர்த்துப் பாத்தேன். எங்க இறந்தாருன்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல பஸ்ஸுனு இல்லம்மா. பெஞ்சுனு இருக்கு. ரோட்டோரக் கடைக்கு வெளியே போட்டிருக்கிற பெஞ்சு."

"போன் எதையாவது உளறும்."

"மூணு தடவை பாத்துட்டேம்மா." மகள் ஒரு பிளாஸ்டிக் கவரை மேஜையில் வைத்தாள். "அப்பா மேல இருந்ததுன்னு இதையும் கொடுத்தாங்க."

கைக்கடிகாரம். கண்ணாடி. காது மிஷின். பிறகு உள்ளங்கையில் அடங்கும் இரண்டு தைல டப்பா, புத்தம் புதுசு. ஒன்றின் மூடி மட்டும் திறந்து மூடியிருந்தது. வாசனை பிடித்துப் பார்த்திருப்பார். அவள் முட்டியைத் தன்னையறியாமல் தடவிக்கொண்டாள்.

"ஸ்டோர் சித்தப்பாவைக் கூப்பிடு," என்றாள். "அவரை மட்டும்."

ஸ்டோர்காரர் வந்து தையல் மிஷினுக்குப் பக்கத்தில், தைக்காத காலர்கள் குவிந்திருந்த இடத்தில் ஒதுங்கி நின்றார். ஒரு வாரத்தில் பத்து வயசு கூடியிருந்தது. சவரம் பண்ணாத முகம்.

"உக்காருங்க தம்பி."

"பரவால்ல அண்ணி."

"உக்காருங்கன்னேன்."

முக்காலியில் உட்கார்ந்தார்.

"உங்க தோள்லதான் சாஞ்சாரா?"

அவர் தலையைத் திருப்பித் தன்னுடைய தோளைப் பார்த்தார். வேறு யாருடைய தோளையோ பார்ப்பது போல ரொம்ப நேரம் பார்த்தார்.

"இல்ல அண்ணி."

கூடத்தில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். 

"பஸ்ஸுல ஆளுக்கு ஒரு நம்பர் அண்ணி," என்று ஆரம்பித்தார். "எங்க எறக்கி ஏத்தினாலும் அந்த வழிகாட்டிப் பொண்ணு மைக்கைப் புடிக்கும். நாம வரிசையாச் சொல்லணும். எல்லா நம்பரும் வந்தாத்தான் வண்டி நகரும்."

அது அவளுக்கே தெரியும். தினமும் சாயங்காலம் போனில் முகத்தைக் காட்டி அவர் சொன்ன கதைதான். போர்மேன் பதிமூணு, வெல்டர் பதினாலு, ஸ்டோர் பதினஞ்சு, அவர் பதினாறு. "எனக்கு எங்கடி கேக்குது? அவனே எனக்கும் சேர்த்துக் கூவிடறான். பதினஞ்சு பதினாறுன்னு ஒரே மூச்சு. பஸ்ஸே சிரிக்குது. நான் ராஜா மாதிரி கம்முனு உக்காந்திருப்பேன்." அவளும் சிரித்தாள். அங்கேயும் உங்களுக்கு ஒரு மேனேஜர் கிடைச்சுட்டாரு, நல்லாயிருங்க என்றாள்.

"அன்னிக்குக் காலையில ராத்திரி தூக்கம் இல்லைன்னு சொல்லிப் பின்னாடி நீள சீட்ல போய்ப் படுத்துக்கிட்டாரு. ரோட்டோரக் கடையில நிறுத்தினாங்க. நாங்க எறங்கிப் பாத்ரூம் போயிட்டு ஏறிட்டோம். நான் திரும்பிப் பாத்தேன் அண்ணி. பாக்காம இல்ல. பின்சீட்ல ஜெர்கின் போத்தினபடி மேடாத் தெரிஞ்சுது. தூங்குறாரு, எழுப்ப வேணாம்னு நினைச்சேன். அந்தப் பொண்ணு கேட்டுச்சு. நான் சொல்லிட்டேன்."

"என்ன சொன்னீங்க?"

"பதினஞ்சு பதினாறு."

ஜெர்கினுக்கு அடியில் இருந்தது வெறும் தோள்பை. அவர் போனும் அதற்குள்தான். அரை மணி நேரம் போனபிறகு போர்மேன் ஆரஞ்சு உரித்துக்கொண்டு போய்க் கொடுக்கப் பார்த்தபோதுதான் தெரிந்தது. நெடுஞ்சாலையில் நினைத்த இடத்தில் வண்டியைத் திருப்ப முடியாதாம். போய்த் திரும்பி வர மொத்தம் ஒரு மணி நேரத்துக்கு மேல்.

ஜெர்கின் இல்லாமல். அந்தக் குளிரில்.  எதிரே உட்கார்ந்திருந்தவரின் கன்னத்தில் இரண்டு அறை அறைந்தால் தேவலை போல இருந்தது. நாசமாய்ப் போக என்று தொண்டைவரை வந்துவிட்டது.

"தனியாவா இருந்தாரு?" என்றுதான் கேட்க முடிந்தது.

"அந்தக் கடையில ஒரு அம்மா இருந்தாங்க. அவங்க சொன்னதை வழிகாட்டிப் பொண்ணுதான் எங்களுக்குச் சொல்லுச்சு. தைலம் வாங்கிட்டு வெளிய வந்து பாத்திருக்காரு, பஸ் இல்ல. ரோட்டைப் பாத்துப் பாத்து நின்னிருக்காரு. அவங்கதான் தன்னோட சால்வையைப் போத்தி, சூடா ஏதோ கொடுத்து, பெஞ்சுல உக்கார வச்சிருக்காங்க. பேசினா இவருக்கும் கேக்காது, அவங்களுக்கும் பாஷை தெரியாது. எந்த வண்டின்னு சைகையில கேட்டிருக்காங்க. இவரு..."

ஸ்டோர்காரர் இரண்டு கையையும் தூக்கிப் பத்து விரலையும் விரித்துக் காட்டினார். மடக்கினார். பிறகு ஒரு கையில் அஞ்சு, இன்னொரு கையில் ஒன்று.

"இப்படிக் காட்டினாராம் அண்ணி. சிரிச்சுக்கிட்டே காட்டினாராம். திரும்பத் திரும்ப. வந்துருவாங்கன்னு ரோட்டைக் காட்டினாராம். அப்புறம் நெஞ்சுல கையை வச்சுக்கிட்டாராம்."

விரல்களை மடக்க மறந்து அப்படியே வைத்திருந்தார்.

"பஸ் நிக்கிறதுக்குள்ள நான்தான் குதிச்சு ஓடினேன். உக்காந்தபடியேதான் இருந்தாரு. அண்ணே, அண்ணேனு கத்தினேன். திரும்பல. கேக்கலைன்னு நினைச்சேன் அண்ணி. வழக்கம்போலக் கேக்கலைன்னுதான் நினைச்சேன்."

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. காலர் குவியலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினார். அந்த வயசு ஆம்பிளை அப்படி அழுது அவள் பார்த்ததில்லை.

"அதை ஏன் மறைச்சீங்க? திட்டுவேன்னு பயமா?"

அவர் தலையை மட்டும் ஆட்டினார். இல்லை என்று.

"பின்ன?"

 சும்மா இருக்கிற ஆள் இல்லை அவர், ஒரு நட்டு குறைந்தாலும் காரணம் சொல்கிறவர். அவர் வாயை இறுக்க மூடிக்கொண்டு தரையைப் பார்த்ததில்தான் அவளுக்கு உறைத்தது.

விமான நிலையத்து வாசல். நாலு பேரும் ஒரே நிறத் தொப்பி. அவளே ஸ்டோர்காரரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். "தம்பி, இவருக்குக் காது சுத்தமாக் கேக்காது. யாராவது ஏதாவது கேட்டா இவரு பேந்தப் பேந்த முழிப்பாரு. நீங்களே இவருக்கும் சேர்த்துப் பதில் சொல்லிடுங்க." புருஷன் பக்கத்தில்தான் நின்றார். வழக்கமான சிரிப்பைச் சிரித்தார்.

"நான்தானே சொன்னேன்," என்றாள்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல அண்ணி. நீங்க ஒரு பேச்சுக்குச் சொன்னது..."

"நான்தானே தம்பி சொன்னேன்."

"இதுக்குத்தான் சொல்ல வேணாம்னு முடிவு பண்ணோம். போர்மேன் அண்ணன் கையில அடிச்சு சத்தியம் வாங்கினாரு. என்னோட போகட்டும்னு விட்டேன். தப்பு என்னோடது அண்ணி, உங்களோடது இல்ல."

அவள் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. பயணத்துக்கு முன்னால் டாக்டரிடம் போன நாள் ஞாபகம் வந்துவிட்டது. சான்றிதழ் எழுதிக்கொண்டே டாக்டர் புருஷனிடம் கேட்டார், நெஞ்சு வலி, படபடப்பு ஏதாவது உண்டா என்று. "அதெல்லாம் ஒண்ணும் கிடையாது டாக்டர்" என்று இவள்தான் பட்டென்று சொன்னாள். பாவம், பத்து வருஷ ஆசை, போய்ட்டு வரட்டுமே என்று. அப்போது புருஷன் முகத்தைத் திரும்பிப் பார்த்தோமா? எவ்வளவு யோசித்தும் டாக்டரின் பேனாதான் ஞாபகத்துக்கு வந்தது. அவர் முகம் வரவே இல்லை.

 பிறகு அவள் எழுந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு, ஈரத் துண்டை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"முகத்தைத் துடைங்க. உங்களுக்கு வேற சர்க்கரை இருக்கு. காலையிலேர்ந்து ஏதாவது சாப்பிட்டீங்களா இல்லையா?"

"சாப்..." என்று ஆரம்பித்து, "இல்ல அண்ணி," என்றார்.

"இன்னும் ஒரு பொய் சொன்னா வகுந்துருவேன். போய் ஒரு வாய் சாப்பிடுங்க."

வெள்ளைச் சட்டையை மகளிடம் கொடுத்தாள். ஜெர்கினை அவளே கூடத்துக்கு எடுத்துப்போய், பெட்டிக்குள் அவர் மேல் போர்த்தி, கழுத்துவரை இழுத்து விட்டாள். வெளியே வெயில் கொளுத்தியது. யாரோ ஒரு பெண், "வெயிலுக்கு எதுக்கு இது?" என்று ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

வண்டி பதினோரு மணிக்கு வந்தது. நடுவில் பெட்டி, இரண்டு பக்கமும் நீள சீட். ஒரு பக்கம் அவளும் மகளும். எதிரே போர்மேன், வெல்டர், ஸ்டோர்காரர், அதே வரிசையில். மற்றவர்கள் பின்னால் வேறு வண்டியில் வந்தார்கள். கதவைச் சாத்தியதும் உள்ளே தைல வாசனை லேசாக அடித்தது. டப்பாவை அவள் இடுப்பில் செருகியிருந்தாள்.

டிரைவர் தலையைத் திருப்பினார். "எல்லாரும் ஏறியாச்சுங்களா?"

"பதிமூணு," என்றார் போர்மேன்.

சொன்ன பிறகுதான் அவருக்கே தூக்கிவாரிப்போட்டது. வாயைக் கையால் பொத்திக்கொண்டார். ஒன்பது நாள் பழக்கம் எங்கிருந்தோ வந்து நாக்கில் உட்கார்ந்துவிட்டது. வெல்டர் அவரைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். விட்டுவிட்டுப் போக அவருக்கும் மனசு வரவில்லை.

"பதினாலு."

அடுத்தது ஸ்டோர்காரரின் முறை.

"பதினஞ்சு," என்று நிறுத்தினார். அடுத்த நம்பர் உதட்டுவரை வந்திருக்க வேண்டும், பல்லைக் கடித்துக்கொண்டார்.

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள். மகளும் பார்த்தாள். "சொல்லேம்மா," என்று முழங்கையால் மெல்லத் தொட்டாள்.

மேனேஜரம்மா பெட்டியின் மேல், அவருடைய வலது காது இருக்கும் பக்கமாகக் கையை வைத்தாள். கொஞ்சமாவது கேட்கிற காது அதுதான். அவள் வாயைத் திறக்கவில்லை. அவசரமே இல்லை என்பது போல, இந்தத் தடவை அவரே சொல்லட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.

டிரைவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். சாவியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.